ஸரந்தீபின் மஞ்சள் கல்

எங்கள் நாட்டுக்கு அரபிகள் வைத்த பெயர் ஸரந்தீப். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு புத்தளப் பக்கமாக வந்து இறங்கியபோது அவரை வரவேற்று உபசரித்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி மன்னர். அந்த மன்னரிடம் உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்றைக் கண்டதாக அவர் தமது பயண நூலில் குறிப்பிடுகிறார். ஸரந்தீப் என்றதும் அந்தக் காலத்து வணிகர்களின் நினைவுக்கு வந்தவற்றில் முதன்மையானவை முத்தும் கல்லும்தான்.

ஆனால் நாம் வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரத்தினக் கல் கிடையாது. இங்கே கிணறு வெட்டினால் வருவது சுண்ணாம்புக் கல். மயோசீன் காலத்தில், அதாவது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு, ஆழமில்லாத கடலின் அடியில் படிந்த பாறை அது. சிப்பியின் அடையாளத்தை அதில் இன்றும் காணலாம். இரத்தினபுரியிலோ எலஹெரவிலோ பிறந்த பிள்ளைகளுக்குக் கல்லைப் பற்றித் தெரிந்திருப்பது போல எங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அப்படியிருந்தும் எங்கள் வீட்டில் ஒரு கல் இருந்தது. அதன் பெயரைத் தேடிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொண்டைக்கடலைப் பருமன். தேன் கலந்த மஞ்சள் நிறம். பட்டை தீட்டிய கல்தான், ஆனால் மோதிரத்திலோ பதக்கத்திலோ பதிக்கப்படவில்லை. உம்மும்மா அதைப் புஷ்பராகம் என்று சொல்வார். பெரிய கடையில் தையற்கடை வைத்திருந்த எங்கள் அப்பாவுக்கு, பேருவளை வியாபாரி ஒருவர் துணிக் கடனுக்குப் பதிலாகக் கொடுத்த கல் அது. மகளின் கல்யாணத்துக்கு மோதிரம் செய்யலாம் என்று அப்பா எடுத்து வைத்தாராம்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி என்ன நடந்தது என்பதை இந்தச் சஞ்சிகையைப் படிக்கும் பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு மணித்தியால அவகாசம். உம்மாவுக்கு அப்போது எட்டு வயது. வழியில் நடந்த சோதனையில் உம்மும்மாவின் காப்பும் சங்கிலியும் போயின. கல் மட்டும் தப்பியது. பிள்ளைகளின் வயிற்றுவலிக்கென்று ஓமமும் பெருங்காயமும் முடிந்து வைத்திருந்த சின்னத் துணிச் சுருளுக்குள் அது கிடந்தது. பிறகு புத்தளத்தில் ஓலைக் குடிசையிலும், உப்புக் காற்றிலும், அப்பா மௌத்தான பின்னரும் அது உம்மும்மாவின் பெட்டியிலேயே இருந்தது. சோனகதெருவுக்குத் திரும்பி வந்தபோதும் கூடவே வந்தது.

திரும்பி வந்து கட்டிய வீட்டின் பின்பக்கக் கூரை இன்னும் பழைய தகரம்தான். கார்த்திகை, மார்கழி மழைக்கு ஐந்து இடத்தில் சட்டி வைக்க வேண்டும். போன வருடம் மாமா கல்லைப் படம் பிடித்துப் பேருவளையில் உள்ள ஒரு தரகருக்கு வட்சப்பில் அனுப்பினார். "புஷ்பராகம் போலத்தான் இருக்கிறது" என்று அவர் ஒரு விலை சொன்னார். கூரை முழுவதையும் மாற்றி, மிச்சமும் வரும் விலை அது. அந்த ஒரு கிழமையும் வீட்டில் எல்லோரும் கூரையைப் பற்றித்தான் பேசினார்கள்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. படத்தைப் பார்த்து ஒரு கல்லின் பெயரைச் சொல்ல முடியுமா? ராத்தா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்கிறார். நான் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு. கல்லை விற்பதற்கு முன் அது என்ன கல் என்று நாங்களே சோதித்துப் பார்ப்போமே என்று இருவரும் பேசிக்கொண்டோம். உம்மா சரி என்றார். உம்மும்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனைதான்: "உரசிப் பார்க்கிறது, நெருப்பில் காட்டுகிறது ஒண்டும் வேண்டாம்."

முதற் சோதனைக்கு மாமாவின் கடையில் கள்ளத்தாள் பார்க்கும் ஊதா டோர்ச் லைட்டை எடுத்தோம். அந்த டோர்ச்சில் இருந்து வருவது நீண்ட அலைக் கழியூதாக் கதிர். சில கனியங்கள் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பித் தரும். இதற்கு உடனொளிர்வு என்று பெயர். விஞ்ஞானி ஸ்டோக்ஸ் 1852இல் இந்த நிகழ்வை விளக்கி, புளோரைட் என்ற கனியத்தின் பெயரிலிருந்து இதற்கு ஆங்கிலப் பெயரை உருவாக்கினார். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பிராங்க்லின் என்ற நாகச் சுரங்க ஊர் இதற்குப் பேர் போனது. அங்கே கிடைக்கும் வில்லமைட் என்ற நாக சிலிக்கேட்டு இருட்டில் கழியூதாக் கதிர் பட்டால் பச்சையாக எரியும். பக்கத்தில் இருக்கும் கல்சைட் சிவப்பாக எரியும். கழிவுக் கல்லோடு நல்ல கனியம் போய்விடுகிறதா என்று பார்க்கச் சுரங்கக்காரர்களே அந்த ஒளியைப் பயன்படுத்தினார்கள்.

விளக்கை அணைத்து டோர்ச்சைப் பிடித்தோம். கல் மங்கலான மஞ்சள் செம்மையில் ஒளிர்ந்தது. மாமாவுக்குச் சந்தோசம். "பார்த்தியா, சிலோன் புஷ்பராகம் இப்படித்தான் தெரியும்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. இலங்கை மஞ்சள் நீலக்கல், அதாவது கடையில் புஷ்பராகம் என்று விற்கப்படுவது, நீண்ட அலைக் கதிரில் அப்ரிகொட் பழ நிறத்தில் ஒளிர்வது உண்மை. ஆனால் சிர்க்கோன் என்ற கல்லும் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ ஒளிரக்கூடும். அதனால் இந்த ஒளி இரண்டில் எதுவென்று தீர்த்துச் சொல்லவில்லை.

சிர்க்கோன் என்பது சிர்க்கோனியம் சிலிக்கேட்டு. பாரசீகத்தில் பொன்னிறம் என்று பொருள்படும் சொல் அரபியில் ஸர்கூன் ஆகி, பின்னர் ஐரோப்பிய மொழிகளுக்குள் போனது என்பார்கள். 1789இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் கிளாப்ரொத் சிர்க்கோனியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்தபோது அவர் பகுத்துப் பார்த்தது இலங்கையிலிருந்து போன சிர்க்கோனைத்தான். நிறமில்லாத சிர்க்கோனை முன்பு மாத்தறை வைரம் என்று விற்றார்கள். அழகில் குறைவில்லாத கல்தான். ஆனால் சந்தையில் நல்ல புஷ்பராகத்தின் விலைக்குப் பக்கத்திலும் வராது.

அந்த விடுமுறையில் நாங்கள் புல்மோட்டையில் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். திருகோணமலை மாவட்டத்தின் வடக்கு எல்லையில், எங்கள் ஆட்கள் நிறைந்து வாழும் ஊர் அது. அங்குள்ள கடற்கரை மணலின் நிறமே வேறு. காலை வைத்தால் கறுப்பு. கையில் அள்ளினால் ஈயக் குண்டை அள்ளியது போலப் பாரம். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன், கொஞ்சம் மொனசைட் எல்லாம் கலந்த மணல். 1957இல் இதற்கென்றே அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இன்று அது லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனம். சாயம், உருக்கு வார்ப்பு அச்சு, பீங்கான் ஓடு, குளியலறைப் பாத்திரங்கள் எனப் பலவற்றுக்கும் இப்படிப்பட்ட மணலில் உள்ள கனியங்கள் போகின்றன. பக்கத்திலேயே அரிசிமலைக் கடற்கரை. அங்கே மணல் அரிசி போல வெள்ளையும் மங்கல் மஞ்சளுமாக இருக்கும். ஒரே கடல் மணலைப் பாரம் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறது.

இந்த மணல் எங்கிருந்து வந்தது? இலங்கையின் நடுப்பகுதி மலைகளிலும் உயர்நிலங்களிலும் உள்ள மிகப் பழைய பாறைகள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்தன. ஆறுகள் அவற்றைக் கடலுக்குக் கொண்டு வந்தன. மெல்லிய மணலை அலை அள்ளிப் போக, பாரமான மணிகள் கரையில் தங்கின. நீரோட்டமும் காற்றும் பல்லாயிரம் ஆண்டுகள் இதே வேலையைச் செய்தன. இரத்தினபுரிப் பக்கத்து ஆற்றுப் படுக்கையில் இல்லத்தில் கிடைக்கும் பெரிய சிர்க்கோனுக்கும் புல்மோட்டைக் கரையில் கிடக்கும் சிறு மணிக்கும் பிறப்பு ஒரே வகைப் பாறையில்தான்.

சாச்சியின் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி மணலைச் சிரட்டையில் இட்டுத் தண்ணீர் விட்டு மெல்ல ஆட்டினோம். அரிசியில் கல் அரிப்பது போலத்தான். வெள்ளை மணல் தண்ணீரோடு வெளியே வழிந்தது. பாரமானது அடியில் நின்றது. அதை வெயிலில் காயவைத்து, கடதாசியில் சுற்றிய வலுவான காந்தத்தை மேலே கொண்டு போனோம். கறுப்பு இல்மனைட் மணிகள் எழுந்து ஒட்டிக்கொண்டன. காந்தத்தோடு போகாமல் எஞ்சியதில் நிறமற்ற, தேன் நிற, இளஞ்சிவப்பு மணிகள் இருந்தன. ஊதா டோர்ச்சைப் பிடித்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மணலில் கிடந்த நைலோன் வலை நூல்தான் பளிச்சென்று நீலமாகத் தெரிந்தது. "இதைத்தானா இவ்வளவு நேரம் தேடினீங்க?" என்று சாச்சியின் மகன் சிரித்தான். நாங்கள் எஞ்சிய மணலை ஒரு மருந்துப் போத்தலில் போட்டு மூடிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தோம்.

நீண்ட அலை ஒரு விதம். குறுகிய அலை வேறு விதம். கள்ளத்தாள் டோர்ச் ஏறத்தாழ 395 நனோமீற்றர் அலைநீளத்தில் எரியும். சிர்க்கோன் நன்றாக ஒளிர்வது 254 நனோமீற்றர் குறுகிய அலையில். அது கடையில் விற்கும் டோர்ச்சில் வராது. ஆனால் இரசாயன ஆய்வுகூடத்தில் மென்படை நிறப்பகுப்பு செய்பவர்கள் தட்டைப் பார்ப்பதற்கு வைத்திருக்கும் கறுப்புப் பெட்டி விளக்கில் இரண்டு அலையும் உண்டு. ராத்தா விரிவுரையாளரிடம் காரணத்தைச் சொல்லி அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. கண்ணாடி அணிய வேண்டும், விளக்கை நேரே பார்க்கக்கூடாது, கையை அதன் கீழே வைத்திருக்கக்கூடாது. குறுகிய அலைக் கழியூதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுடும் என்பதால் இந்த விதிகள்.

கறுப்புக் கடதாசியில் ஒரு பக்கம் புல்மோட்டை மணலைத் தூவி, மறு பக்கம் உம்மும்மாவின் கல்லை வைத்து விளக்கைப் போட்டோம். மணலில் பல மணிகள் இருட்டாகவே கிடந்தன. அவற்றுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மணிகள் அரைத்த கடுகு நிறத்தில் எரிந்தன. பக்கத்தில் இருந்த கல்லும் அதே கடுகு நிறத்தில் எரிந்தது. முன்பு டோர்ச்சில் தெரிந்ததைவிடப் பல மடங்கு வெளிச்சமாக. நீலக்கல் குடும்பத்துப் புஷ்பராகமாக இருந்தால் குறுகிய அலையில் ஒளி குறைந்திருக்க வேண்டும், கூடியிருக்கக் கூடாது. ராத்தா என்னைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. கூரை இரண்டு பேரின் நினைவிலும் வந்திருக்கும்.

சிர்க்கோனுக்குள் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் அருமண் தனிமங்களும், அதற்குள் இருக்கும் யுரேனியத்தின் கதிர்வீச்சு பளிங்கமைப்பில் உண்டாக்கிய சிதைவுகளும் இந்த மஞ்சள் ஒளிக்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. எல்லாச் சிர்க்கோனும் ஒரே மாதிரி ஒளிர்வதில்லை. சில ஒளிர்வதே இல்லை. எனவே ஒளியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இன்னும் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

இரண்டாம் சாட்சி மணிக்கூடு திருத்துபவரின் கண்ணாடி. எங்கள் தெருவில் மணிக்கூடு திருத்தும் பெரியவரிடம் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை அரை மணித்தியாலத்துக்கு இரவல் வாங்கினோம். கல்லின் மேல் முகத்தின் வழியாக உள்ளே பார்த்து, அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புக் கோடுகளைத் தேடினோம். ஒரு கோணத்தில் ஒற்றைக் கோடு. கல்லைச் சற்றுத் திருப்பியதும் அதே கோடு இரண்டாகப் பிரிந்தது. இன்னும் திருப்பினால் எல்லா விளிம்பும் இரட்டை இரட்டை. கண் கலங்கிப் பார்ப்பது போல இருந்தது. சிர்க்கோனுக்குள் புகும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் செல்கிறது. அந்த வித்தியாசம் 0.059 வரை வரும். நீலக்கல்லிலும் இது உண்டு, ஆனால் 0.008 அளவுதான், கைக் கண்ணாடிக்குத் தெரியாது.

இந்த இரட்டைக் கோட்டுக்கு ஒரு பெரிய கதை உண்டு. 1945இல் டப்ளின் நகரில் ரிச்சட் டாஃபி என்பவர் நகைக்கடையில் வாங்கிய பழைய கற்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்பினல் என்று நினைத்த ஒரு இளம் ஊதாக் கல்லில் கோடு இரட்டையாகத் தெரிந்தது. ஸ்பினலில் அப்படித் தெரியவே முடியாது. அவர் அதை லண்டனுக்கு அனுப்பினார். அது அதுவரை உலகம் அறியாத கனியம் என்று தெரிந்தது. டாஃபைட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அந்தக் கனியம் பின்னர் இலங்கையிலும் கிடைத்தது. பட்டை தீட்டி விற்பனைக்கு வந்த பிறகு புதுக் கனியம் என்று கண்டறியப்பட்டது அந்தக் கல்.

எங்கள் நாட்டுக் கற்களுக்குப் பெயர் தேடியவர்களில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். கலை வரலாற்று அறிஞராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, 1877இல் பிறந்தவர், தமிழரான சேர் முத்து குமாரசுவாமியின் மகன். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளராக மலையும் காடும் நடந்து திரிந்தார். 1903இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிரையருடன் சேர்ந்து மிக அரிதான ஒரு நீலநிற போரோசிலிக்கேட்டை உலகுக்கு அறிவித்தார். அதற்கு இட்ட பெயர் செரண்டிபைட்! நாம் இக்கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த ஸரந்தீப் என்ற அரபிப் பெயர்தான் அந்தக் கல்லில் இருக்கிறது. 1953இல் ஏக்கநாயக்க என்ற இரத்தினவியலாளர் கண்ட பச்சைக் கல்லும் அப்படியே. கல்சியமும் தோரியமும் சேர்ந்த சிலிக்கேட்டு என்று ஆராய்ந்து 1961இல் ஏக்கனைட் என்று பெயரிட்டார்கள். இவர்கள் எல்லோரும் செய்தது ஒன்றுதான். 'போல இருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

மூன்றாம் சாட்சி பாரம். கல்லின் பாரத்தை அதே அளவு தண்ணீரின் பாரத்தோடு ஒப்பிட்டால் வருவது சாரடர்த்தி. இதை நாம் ஆர்க்கிமிடிசின் பெயரோடு படிக்கிறோம். ஆனால் கற்களுக்கு இதைத் திருத்தமாக அளந்து எழுதியவர் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த நமது அறிஞர் அல்பிரூனி. கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, கல்லைப் போட்டு, வழிந்த தண்ணீரை நிறுத்தார். கனியங்களைப் பற்றி அவர் எழுதிய கிதாபுல் ஜமாஹிர் இன்றும் பேசப்படுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அவர் செய்த சோதனையைத்தான் எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்தில் பௌதிகவியல் டீச்சரின் மேற்பார்வையில் செய்தோம்.

இலத்திரனியல் தராசில் கல் 1.88 கிராம். பிறகு ஒரு முகவையில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூச்சியமாக்கினோம். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியில் முட்டாமல், பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். தராசு காட்டியது 0.40. நூலில் ஒட்டிய காற்றுக் குமிழைத் தட்டிவிட்டு மறுபடியும் செய்தோம். 0.41. மூன்றாம் தடவை 0.40. 1.88ஐ 0.40ஆல் பிரித்தால் 4.7. புஷ்பராகமாக இருந்தால் தராசு 0.47 காட்டி, விடை 4.0 வந்திருக்கும். டோப்பாஸ் என்றால் 3.5. படிகம் என்றால் 2.65. நல்ல சிர்க்கோனுக்குப் புத்தகத்தில் உள்ள எண் 4.6 முதல் 4.7 வரை. டீச்சர் கணக்கை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, "மூன்றும் ஒரே விடை" என்றார்.

அன்றிரவு வீட்டில் சொன்னோம். மாமா நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "படத்தைப் பார்த்து விலை சொன்னது அந்த ஆள். நாங்கள் புஷ்பராகம் என்று சொல்லவில்லையே. நாங்கள் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?" என்றார். மாமா கெட்ட மனிதர் அல்ல. பின்னறையில் சட்டியில் மழைத்தண்ணீர் சொட்டும் சத்தத்தோடு அதிகம் தூங்கியவர் அவர்தான். கல் வாங்குபவன் சோதித்து வாங்க வேண்டும் என்பது வியாபாரத்தில் பலரும் சொல்லும் நியாயம்தான்.

உம்மா சொன்னார்: "தெரியாமல் இருந்த வரைக்கும் அது வேற. இப்ப எங்களுக்குத் தெரியும்." விற்கும் பொருளின் குறையை அறிந்தவன் அதை வாங்குபவனிடம் மறைக்கக்கூடாது என்று மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்தோம். அது பரீட்சைத் தாளில் எழுதுவதற்கு இலகுவானது. ஒழுகும் கூரையின் கீழே இருந்துகொண்டு அதைச் செய்வது எவ்வளவு பாரம் என்று அன்று கண்டேன்.

கடைசியில் உம்மும்மாவைத்தான் எல்லோரும் பார்த்தோம். கல் அவருடையது. அவர் கேட்டது விலையை அல்ல. "அப்ப அந்தப் பேருவளை ஆள் உங்கட அப்பாவை ஏமாத்தினாரா?" அதற்கு எங்களிடம் பதில் இருந்தது. மஞ்சள் சிர்க்கோனையும் மஞ்சள் நீலக்கல்லையும் கண்ணால் மட்டும் பார்த்து மயங்கியவர்கள் காலங்காலமாக உண்டு. கொடுத்தவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நாங்கள் அதைச் சொன்னபோது உம்மும்மாவின் முகம் தெளிந்தது. "அப்படியெண்டால் ஃபோனைப் போடு, நான் சொல்றன்" என்றார்.

அவரே பேசினார். "தம்பி, இது புஷ்பராகமில்லையாம். பிள்ளைகள் தண்ணியில நிறுத்துப் பார்த்தாச்சு. சிர்க்கோனாம்." மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவர் புதிய விலை ஒன்று சொன்னார். அது கூரையின் ஒரு மூலைக்குத்தான் காணும். உம்மும்மா, "அந்த விலைக்கு அது என்னோடயே இருக்கட்டும்" என்று ஃபோனை உம்மாவிடம் கொடுத்துவிட்டார். பின்பக்கக் கூரைக்கு இப்போது மாமாவும் உம்மாவும் சேர்ந்து சீட்டுக் கட்டுகிறார்கள். இந்த மாரியிலும் சட்டிகள் வைத்தோம்.

கல்லின் விலை குறைந்த பிறகுதான் அதைப் பற்றி இன்னும் படித்தேன். சிர்க்கோன் உருவாகும்போது யுரேனியத்தைத் தனக்குள் அடைத்துக்கொள்ளும். அந்த யுரேனியம் ஒரு ஒழுங்கான வேகத்தில் ஈயமாக மாறும். இரண்டையும் அளந்தால் கல்லின் வயது தெரியும். உலகில் இதுவரை அளக்கப்பட்டவற்றில் மிகப் பழைய கனிய மணி அவுஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த ஒரு சிர்க்கோன். அதன் வயது 440 கோடி ஆண்டுகள். உலகின் பல ஆய்வுகூடங்கள் பாறைகளின் வயதை அளக்கும்போது தங்கள் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நியமக் கல்லை வைத்திருக்கும். அப்படி வைத்திருக்கும் கற்களில் இலங்கைச் சிர்க்கோன்களும் உண்டு. அவற்றுள் ஒன்றின் வயது ஏறத்தாழ 56 கோடி ஆண்டுகள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் அதற்குப் பேரப்பிள்ளை முறைகூட வராது. இதை உம்மும்மாவிடம் சொன்னேன். "என்னைவிட மூத்தது ஒண்டு இந்த வீட்டில இருக்குது எண்டு சொல்லு" என்று சிரித்தார்.

சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. கல்லோ, மணலோ, மருந்தோ, செய்தியோ எதுவானாலும் ஒரே ஒரு அடையாளத்தை வைத்துப் பெயர் சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது சாட்சியைத் தேடுங்கள். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. சிரட்டை, காந்தம், இரவல் கண்ணாடி, பாடசாலைத் தராசு ஆகியவை போதும். குறுகிய அலை விளக்கை மட்டும் பெரியவர்கள் இல்லாமல் தொடவேண்டாம். கடற்கரை மணலைச் சோதனைக்கு ஒரு பிடி அள்ளுவது வேறு, மூட்டையாக எடுப்பது வேறு. அகழ்ந்து எடுப்பதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புல்மோட்டை மணல் போத்தல் இப்போது எமது கல்லூரி ஆய்வுகூட அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. டீச்சரிடம் கேட்டால் எடுத்துத் தருவார். ஒட்டியிருக்கும் துண்டில் நாங்கள் எழுதியது: 'இல்மனைட் நீக்கப்பட்டது. சிர்க்கோன் உண்டு. மற்றவை இனித்தான் பார்க்க வேண்டும்.' அந்தக் கடைசி வரியை அடுத்த வருடம் யாராவது ஒரு தங்கை மாற்றி எழுதினால் சந்தோசம்.